நங்கூரத்தில் மாட்டி வந்த உருளை: அந்தப் பக்கத்து மீனைச் சாப்பிடலாமா?

தூண்டில்காரன் (பிடோக்)

எல்லாருக்கும் வணக்கம். கடல் வேலை தெரிந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் வழி சொல்லுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மைத்துனரும் நானும் இரண்டு நண்பர்களும் வாடகைப் படகில் சிங்கப்பூரின் தெற்குத் தீவுகள் பக்கம் தூண்டில் போடப் போனோம். செமக்காவ் தீவுக்குக் கிழக்கே நங்கூரம் இறக்கியிருந்தோம். நீரோட்டம் திரும்பிய பிறகு மீன் கடிப்பது அடியோடு நின்றுபோனது. இடம் மாற்றலாம் என்று நங்கூரத்தை இழுத்தால், மூன்று பேர் சேர்ந்து இழுக்க வேண்டியதாயிற்று. யாரோ எப்போதோ விட்டுப்போன கயிற்றுச் சிக்கல் ஒன்று நங்கூரத்தில் மாட்டியிருந்தது. அதற்குள் ஓர் உருளை. முழங்கை நீளம் இருக்கும். மேலெல்லாம் சிப்பி ஒட்டிக் கரடுமுரடாக இருந்தது. ஒரு முனை கூராக இருந்தது. மறுமுனைக்குச் சற்று மேலே பச்சை பூத்த பட்டை ஒன்று அதைச் சுற்றி ஓடியது.

"சுரண்டிச் சுத்தம் செய்து வரவேற்பறையில் வைத்தால் அழகாக இருக்கும்" என்றார் ஒரு நண்பர். படகோட்டி அவரைத் திரும்பிப் பார்க்காமலே கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்துவிட்டார். உருளை வந்த வழியே போய்விட்டது. அதற்குள் நான் ஒரு படம் எடுத்துவிட்டேன்.

அது குண்டுதானா? இத்தனை ஆண்டுகள் ஊறிய பிறகும் வெடிக்குமா? போலீசிடம் சொல்லலாம் என்றால், படகுக்காரருக்குத் தொல்லை வரும் என்று மைத்துனர் தடுக்கிறார். எனக்கு அதைவிடப் பெரிய உறுத்தல் ஒன்று உண்டு. அன்று பிடித்த மீனை அம்மா குழம்பு வைத்து, வீட்டில் எல்லாரும் சாப்பிட்டோம். ஐரோப்பாவில் போர் முடிந்து கடலில் கொட்டிய குண்டுகளால் மீன்களுக்கு நோய் வருகிறது என்று பிறகு ஒரு செய்தியில் படித்தேன். அதை மனைவியிடம் சொன்னது முதல் என் மீன் பெட்டிக்குச் சமையலறையில் இடமில்லை.

ஜூரோங்வாசி

வீணாகக் கவலைப்படுகிறீர்கள். போர் முடிந்து 80 ஆண்டுகள் ஆகிவிட்டன. ஊறிப்போன வெடி எங்கே வெடிக்கப்போகிறது? கடல் எவ்வளவு பெரியது, அதில் ஒரு குண்டு எம்மாத்திரம்? கசிந்தாலும் கரைந்து காணாமல் போய்விடும். நம் நீரிணையில் போகும் கப்பல்கள் விடும் புகையைப் பற்றிக் கவலைப்பட்டாலாவது அர்த்தம் உண்டு. மீனை நன்றாக வறுத்துச் சாப்பிடுங்கள்.

பழைய சாரங்

தம்பி தூண்டில்காரன், முதலில் அந்தப் படகோட்டிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் ஐவரில் விவரம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

நான் தூர்வாரும் கப்பல்களில் சாரங்காக, அதாவது டெக் ஆட்களுக்குத் தலைவனாக, இருந்து ஓய்வுபெற்றவன். நிலமீட்புக்கு மணல் எடுக்கப் புதிய இடத்துக்குப் போனால், வேலை தொடங்கும் முன்பு வெடிபொருள் நிபுணர் ஒருவர் வந்து டெக் ஆட்களை உட்காரவைத்துப் பாடம் நடத்துவார். மணலை உறிஞ்சும் குழாயின் வாயில் இரும்புச் சட்டம் அடித்திருப்பார்கள். பெரிய சாமான் எதுவும் பம்புக்குள் போய்விடக் கூடாது என்பதற்காக. கல், சங்கிலித் துண்டு, மரக்கட்டை எல்லாம் அந்தச் சட்டத்தில் வந்து சிக்கும். அதைக் கையால் பிடுங்கப் போகிறவன் எங்கள் ஆள். அந்தப் பாடமே அவனுக்காகத்தான்.

நீங்கள் பார்த்த பச்சைப் பட்டை செம்பு. பீரங்கிக் குண்டின் அடிப்பக்கத்தில் அதைப் போட்டிருப்பார்கள். பீரங்கிக் குழலுக்குள் ஓடும் சுருள்வரிகள் அந்தச் செம்பில் பதிந்து குண்டைச் சுழற்றி அனுப்பும். பட்டை வழவழப்பாக இருந்தால் அது சுடப்படாத குண்டு. கப்பலிலிருந்தோ கிடங்கிலிருந்தோ கடலுக்கு வந்திருக்கும். பட்டையில் சாய்வாக வரிவரியாக வெட்டு விழுந்திருந்தால் அது சுடப்பட்டு, விழுந்து, வெடிக்காமல் போனது. முனையில் இருக்கும் வெடிகருவி ஏற்கெனவே முடுக்கப்பட்ட நிலையில் நிற்கும். இரண்டுமே ஆபத்துதான், ஆனால் இந்த இரண்டாவது வகை இன்னும் ஆபத்து. சிப்பி மூடிய குண்டில் அது எந்த வகை என்று தெரிய வேண்டுமானால் சுரண்ட வேண்டும். உங்கள் நண்பர் வரவேற்பறைக்காகச் செய்ய நினைத்ததும் அதே காரியம்தான்.

ஊறினால் வெடிக்காது என்கிறார் ஜூரோங்வாசி. பட்டாசுக்கு அது சரி. குண்டுக்குள் அடைக்கும் டிஎன்டி என்ற வெடிமருந்து தண்ணீரில் கிடந்தால் பதம் கெடும் சரக்கல்ல. 2023 செப்டம்பரில் அப்பர் புக்கிட் தீமா கட்டுமானத் தளத்தில் 100 கிலோ எடையுள்ள விமானக் குண்டு கிடைத்ததே, நினைவிருக்கிறதா? அதுவும் அதே போர்க்காலத்துக் குண்டுதான். 4,000க்கும் மேற்பட்டவர்களை வீடுகளிலிருந்து வெளியேற்றிவிட்டு, ஆயுதப்படை வீரர்கள் கிடந்த இடத்திலேயே வைத்து வெடிக்கச் செய்தார்கள். நிலத்தில் கிடந்த ஒரு குண்டுக்கு அவ்வளவு ஏற்பாடு. ஜெர்மனிக்குச் சொந்தமான வடகடல், பால்டிக் கடல் பகுதிகளில் மட்டும் சுமார் 16 லட்சம் டன் வெடிபொருள் கிடப்பதாக அந்த நாட்டு அரசே கணக்குச் சொல்கிறது. அதற்கு மேலே மீன் பிடிக்கிறார்கள், காற்றாலை நடுகிறார்கள், குழந்தைகள் குளிக்கிறார்கள்.

ஏன் கடலில் போட்டார்கள் என்றால், 1945இல் அதுதான் மலிவு. தோற்ற நாட்டின் கிடங்குகள் நிரம்பி வழிந்தன. கலகக்காரர் கையில் சிக்கிவிடுமோ என்ற பயம் வேறு. எரிக்க ஆலை இல்லை, நேரமும் இல்லை. மீனவர்களைக் கூலிக்குப் பிடித்து, படகு படகாக ஏற்றிப் போய்த் தள்ளச் சொன்னார்கள். டென்மார்க்கின் போர்ன்ஹோம் தீவுக்குக் கிழக்கே இப்படி விழுந்தவற்றில் நச்சுவாயுக் குண்டுகளும் உண்டு. பால்டிக் கடலில் மொத்தம் சுமார் 40,000 டன் நச்சுவாயு ஆயுதங்கள் கிடப்பதாகக் கணக்கு. கடலில் கழிவு கொட்டுவதைக் கட்டுப்படுத்தும் லண்டன் ஒப்பந்தம் 1972இல்தான் வந்தது. அதற்குள் கொட்ட வேண்டியதில் பெரும்பகுதியைக் கொட்டி முடித்திருந்தார்கள்.

இனி நான் சொல்லப்போவது எந்த அறிக்கையையும் படித்துத் தெரிந்துகொண்டதல்ல. வரைபடத்தில் வட்டம் போட்டு 'வெடிபொருள் கொட்டிய இடம்' என்று எழுதியிருப்பார்கள். அந்த வட்டத்தை நம்பாதீர்கள்.

நான் வேலை செய்த ஒரு வெளிநாட்டுத் திட்டத்தில் தூர்வாரிய சேற்றைப் பார்ஜில் ஏற்றி, குறித்த இடத்தில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். பார்ஜின் அடிவயிற்றில் கதவு இருக்கும். திறந்தால் மொத்தமும் சில நிமிடங்களில் கீழே இறங்கிவிடும். இரவு இரண்டு மணி, காற்று எதிரே, அலை டெக்கில் ஏறுகிறது, குறித்த இடம் இன்னும் பல மைல். 'திற' என்று உத்தரவு வரும். திறந்த சத்தம் சங்கிலியில் கேட்கும். பார்ஜ் சட்டென்று மிதந்து மேலே எழும். பாரம் போனதும் நடை வேகம் பிடிக்கும். மறுநாள் பதிவேட்டைப் பார்த்தால் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் அச்சுப்பிசகாமல் ஒப்பந்தத்தில் சொன்ன இடமே எழுதியிருக்கும். பதிவேடு எழுதும் கப்பல் அதிகாரியின் கையெழுத்து வேறு முத்து முத்தாக இருக்கும். நாங்கள் கொட்டியது வெறும் சேறு. போர் முடிந்த கையோடு, காலுக்குக் கீழே நச்சுவாயுக் குண்டுகளை வைத்துக்கொண்டு, பயணத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியவன் எங்கே தள்ளியிருப்பான் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அப்படித்தான் தள்ளியும் இருக்கிறார்கள். போர்ன்ஹோம் போகும் வழி நெடுக, வட்டத்துக்கு வெளியே, குண்டுகள் கிடக்கின்றன. சிலவற்றை மரப்பெட்டியோடு எறிந்தார்கள். பெட்டி உடனே மூழ்குமா? அது மிதந்துபோய் ஸ்வீடன் கரையில் ஒதுங்கியது. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் நடுவில் போஃபர்ட் பள்ளம் என்று ஒன்று உண்டு. 200 மீட்டருக்கும் மேல் ஆழம். பிரிட்டன் அதில் 10 லட்சம் டன்னுக்கும் அதிகமாகக் கொட்டியது. அங்கும் ஆய்வுக்கப்பல் போய்ப் பார்த்தபோது, ஒதுக்கிய எல்லைக்கு வெளியே, கரைக்கு நெருக்கமான ஆழமற்ற இடங்களில்கூடச் சரக்கு கிடந்தது. 1995இல் அந்தப் பக்கமாக எரிவாயுக் குழாய் பதித்தார்கள். அடுத்த சில வாரங்களில் பாஸ்பரஸ் தீக்குண்டுகள் ஆயிரக்கணக்கில் ஸ்காட்லாந்துக் கரையில் ஒதுங்கின. கையில் எடுத்துப் பார்த்த ஒரு சிறுவனுக்குத் தீக்காயம்.

இவ்வளவு நாள் சும்மா கிடந்தது இப்போது ஏன் பேச்சாகிறது என்றால், கூடு இற்றுப்போகும் காலம் இது. இரும்பின் கனம் போய் உள்ளே இருப்பது வெளியே வரத் தொடங்குகிறது. இன்னும் சில பத்தாண்டுகள் போனால் தூக்கிச் செல்லக் கூடு இருக்காது. வெடிமருந்துக் கட்டிகள் மட்டும் சேற்றில் கிடக்கும். அதை யார், எப்படி அள்ளுவது?

வெடிக்கவைத்துவிடலாமே என்பார்கள். 2019 ஆகஸ்டில் ஜெர்மனிக்கும் டென்மார்க்குக்கும் இடையே ஃபேமர்ன் கடற்பகுதியில் பழைய பிரிட்டிஷ் கண்ணிவெடிகள் 42ஐ வரிசையாக வெடித்தார்கள். பிறகு கரையொதுங்கிய கடற்பன்றிகளை அறுத்துப் பார்த்தபோது, சிலவற்றுக்குக் காதுக்குள் இரத்தக்கசிவு, வெடிப்பதிர்ச்சியின் காயங்கள். வெடித்தால் மருந்து முழுவதும் எரிந்துபோவதும் இல்லை. பாதி எரிந்த துண்டுகள் சுற்றுவட்டாரம் முழுக்கச் சிதறும். இப்போது ஜெர்மனி வேறு வழியைப் பிடித்திருக்கிறது. 10 கோடி யூரோ ஒதுக்கி, 2024இல் லூபெக் விரிகுடாவில் ரோபோக்களையும் முக்குளிப்போரையும் இறக்கி ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினார்கள். இந்த வேலை எவ்வளவு மெதுவாக நடக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் காசு 16 லட்சம் டன்னில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. ஆனாலும் ஒருவராவது தொடங்கினார்களே என்று எனக்குத் திருப்தி.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நம் கடலிலும் போர்க்காலச் சரக்கு உண்டு. 1942 பிப்ரவரியில் 'எம்ப்ரஸ் ஆஃப் ஏஷியா' என்ற படைக்கப்பல் நம் சுல்தான் ஷோல் தீவு அருகேதான் குண்டுவீச்சில் தீப்பிடித்து அழிந்தது. செமக்காவுக்குத் தெற்கே பாவாய், செனாங், சூடோங் தீவுகள் இன்றும் ஆயுதப்படை நிஜக் குண்டுகளைச் சுட்டுப் பயிற்சி செய்யும் பகுதி. நீங்கள் பார்த்தது தாத்தா காலத்துக் குண்டா, அதற்குப் பிந்தியதா என்று படத்தை வைத்துச் சொல்ல நான் ஆளில்லை. நீங்கள் நங்கூரம் போட்ட இடம் தடைசெய்த எல்லைக்கு வெளியேதானா என்பதைக் கடல் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

999க்கு அழையுங்கள். இடம், ஆழம், நேரம், படம் எல்லாவற்றையும் கொடுங்கள். மைத்துனர் சொல்வதைக் கேட்காதீர்கள். அடுத்த முறை இப்படி மாட்டினால் படகுக்குள் ஏற்றாதீர்கள், ஆட்டாதீர்கள், பக்கவாட்டில் மோதவிடாதீர்கள். கயிற்றை அறுங்கள், இடத்தைக் குறியுங்கள், விலகுங்கள். நங்கூரம் போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

மீனைப் பற்றி எனக்குப் பேசத் தெரியாது. நானே கெளுத்தி தவிர எல்லாம் சாப்பிடுகிறவன்.

வேதியியல் ஆசிரியை

சாரங் ஐயா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறேன், என் கணவரும் தூண்டில் பைத்தியம். ஆகவே இந்தக் கேள்வி எங்கள் வீட்டிலும் எழுந்ததுதான்.

'கரைந்து காணாமல் போய்விடும்' என்பதில் பாதி உண்மை இருக்கிறது. டிஎன்டி தண்ணீரில் மிக மெதுவாகத்தான் கரையும். கரைந்ததைப் பாக்டீரியா வேறு பொருள்களாக மாற்றும். மாறிய பொருள்களும் நச்சுத்தன்மை உடையவையே. மீன் நீந்திப் போய்விடும் என்பதால் அதைப் பிடித்துப் பார்த்தால் எங்கே என்ன தின்றது என்று தெரியாது. ஆகவே வட ஜெர்மனியின் கீல் நகருக்கு அருகே கோல்பெர்கர் ஹைடே என்னும் இடத்தில் ஆய்வாளர்கள் சிப்பிகளைக் கூண்டில் வைத்துக் கண்ணிவெடிகளின் பக்கத்தில் இறக்கினார்கள். சிப்பி இடம் நகராது, நாள் முழுக்க நீரை வடிகட்டும். கூடு கெடாத கண்ணிவெடிகளுக்கு அருகே வைத்தவற்றில் வெடிமருந்து நஞ்சு சிறிதளவு இருந்தது. உடைந்து திறந்து கிடந்த மருந்துக் கட்டிகளுக்கு அருகே வைத்தவற்றில் அதைப்போலப் பன்மடங்கு. வெடிக்கவைத்தால் துண்டுகள் சிதறும் என்று ஐயா சொன்னதன் விபரீதம் இதில் தெரியும். அதே இடத்துத் தட்டைமீன்களின் ஈரலில் நோய்க் கட்டிகள் மற்ற இடங்களைவிட அதிகமாக இருந்ததையும் ஜெர்மானிய ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

நச்சுவாயுக் குண்டுகளின் கதை வேறு. மஸ்டர்ட் வாயு என்பது பெயருக்குத்தான் வாயு. சுமார் 14 டிகிரிக்குக் கீழே உறைந்து திடப்பொருளாகிவிடும். பால்டிக்கின் குளிர்ந்த அடித்தளத்தில் அது மேல்தோல் பிடித்த கட்டியாக, மஞ்சள் களிமண் போல, பல பத்தாண்டுகள் கிடக்கிறது. போர்ன்ஹோம் மீனவர்களின் இழுவலையில் அது ஏறி வரும். தொட்ட உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் தோல் கொப்புளிக்கும், கண் எரியும். நம் கடல் 30 டிகிரியை ஒட்டியது. இங்கே அது உறையாது. ஆர்செனிக் கலந்த வாயுக்கள் சிதைந்தாலும், ஆர்செனிக் ஒரு தனிமம். அது வேறொன்றாக மாறப்போவதில்லை, சேற்றிலேயே தங்கும்.

இவ்வளவும் பல்லாயிரம் டன் குவிந்து கிடக்கும் இடங்களின் கதை. நம் தெற்குத் தீவுகளில் நீரோட்டம் எவ்வளவு வேகம் என்று தூண்டில் போடுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே தனியாகக் கிடந்த ஒரு குண்டிலிருந்து, அதுவும் கூடு உடையாததிலிருந்து, உங்கள் குழம்புச் சட்டிக்கு ஒன்றும் வந்திருக்காது. ஜெர்மனியிலேயே அந்த மீன்களின் பித்தநீரில் தெரியும் அளவு சதையில் தெரிவதில்லை. அம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள். உங்கள் மனைவிக்கும் நான் எழுதியதைக் காட்டலாம்.

ஒன்று சேர்க்க வேண்டும். 2025இல் லூபெக் விரிகுடாவில் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். கடலடியில் கிடந்த பறக்கும் குண்டுகளின் வெடிமுனைகள் மேல், சுற்றியிருந்த சேற்றில் இருந்ததைவிடப் பன்மடங்கு உயிரினங்கள் குடியிருந்தன. வெளியே தெரிந்த டிஎன்டி மேலேயே நட்சத்திரமீன்கள். மணல் பரப்பில் கெட்டியான தளம் கிடைத்தால் போதும், நஞ்சு அருகில் இருந்தாலும் சில உயிர்கள் ஏறிக்கொள்கின்றன. அதனால் குண்டை எடுக்கும்போது அந்த இடத்தில் கல்லையாவது போடுங்கள் என்கிறார்கள் ஆய்வாளர்கள். எனக்கு அது நியாயமாகப் படுகிறது.

ஜூரோங்வாசி

வெடிக்காது என்று நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் மீன் விஷயத்தில் ஆசிரியையும் என் பக்கம்தான் என்பதைக் கவனிக்கவும்.

தூண்டில்காரன் (பிடோக்)

ஐயாவுக்கும் ஆசிரியைக்கும் நன்றி. அழைத்துச் சொல்லிவிட்டேன். இடம் கேட்டார்கள், எடுத்த படத்திலேயே அது பதிவாகியிருந்ததால் சிரமம் இல்லை. படகுக்காரரை யாரும் திட்டவும் இல்லை. தடைசெய்த எல்லைக்கு வெளியேதான் இருந்திருக்கிறோம், ஆனால் நான் நினைத்த அளவு தள்ளி இல்லை. பெரிதாக்கிப் பார்த்தபோது பட்டையின் ஓரத்தில் சாய்வான கோடுகள் போல் ஏதோ தெரிகிறது. நண்பருக்கு அந்தப் படத்தை அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

இன்னொரு கேள்வி. கொழுந்தியாள் குடும்பம் கீல் பக்கத்தில்தான் இருக்கிறது. அவளுடைய பிள்ளைகள் விடுமுறை என்றால் கடற்கரையில் அம்பர் (கல்லாக இறுகிய பழங்கால மரப்பிசின்) பொறுக்கப் போகிறார்கள். பாஸ்பரஸ் கரையொதுங்கும் என்று ஐயா எழுதியதைப் படித்ததிலிருந்து மனைவி அங்கே போன் செய்துகொண்டே இருக்கிறாள்.

பழைய சாரங்

கோடு தெரிகிறதா? அப்படியானால் படகோட்டிக்கு வணக்கத்தோடு ஒரு சாப்பாடும் வாங்கிக் கொடுங்கள்.

அம்பர் விஷயத்தில் உங்கள் மனைவி பயப்படுவதில் நியாயம் உண்டு. ஜெர்மனியின் பால்டிக் கரையில், குறிப்பாக உசெடோம் தீவில், வெள்ளைப் பாஸ்பரஸ் துண்டை அம்பர் என்று நினைத்துச் சட்டைப்பைக்குள் போட்டுத் தொடை வெந்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் தேன் நிறம்தான். ஈரமாக இருக்கும்வரை பாஸ்பரஸ் சாதுவாக இருக்கும். காய்ந்தால் உடம்புச் சூடே அதைப் பற்றவைக்கப் போதும், ஒட்டிக்கொண்டு எரியும், தட்டினாலும் போகாது.

பிள்ளைகளைத் தடுக்க வேண்டாம். மூடியுள்ள தகர டப்பா ஒன்றைக் கையில் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். பொறுக்கியது எதுவானாலும் டப்பாவில்தான் போட வேண்டும், பைக்குள் போடக் கூடாது. வீட்டுக்குள் கொண்டுவராமல் வெளியே கல்தரையில், பற்றக்கூடிய எதுவும் அருகில் இல்லாத இடத்தில் காயவைத்துப் பார்த்த பிறகு தொடட்டும். புகை வந்தால் விலகி நின்று தீயணைப்புப் படையை அழைக்க வேண்டும். ஜெர்மனியில் அதற்கு எண் 112.